முழங்கைக்கு ஒரு தலையணை

தோள்வலி உள்ளவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பகல் எப்படிக் கழிகிறது என்பதைவிட இரவு எப்படிக் கழிகிறது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பகலில் கை ஓரளவுக்கு மேல் தூக்க வராது, பின்னால் கொண்டுபோக வராது. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு அதற்குள் வேலைகளை அமைத்துக்கொள்ளலாம். படுத்துக் கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் தொடங்கும் குடைச்சலுக்கு அப்படிப்பட்ட எல்லை ஏதும் கிடையாது. ஐம்பது வயதையொட்டி என் இடது தோளில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்னும் உறைதோள் நோய் வந்தது. அது முற்றிலும் விலகும்வரை அதனோடு உறங்குவதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடுகளை, அதே வலியோடு விழித்துக் கிடப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதற்காக எழுதுகிறேன். மருத்துவம் என் துறையன்று. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நோயைப் பற்றிச் சொல்வன எனக்கு மருத்துவம் பார்த்தவர்கள் விளக்கியவையும் பின்னர் நானே படித்துத் தெளிந்தவையும் ஆகும். படுக்கையைப் பற்றிச் சொல்வன என் அனுபவம்.

வலி முதலில் தோளில் தெரியவில்லை. மேற்கையின் வெளிப்புறத்தில், சிறுவயதில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதே, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் ஒரு நோவு தொடங்கியது. வகுப்பில் உலக வரைபடத்தை ஆணியில் மாட்டக் கையை உயர்த்தும்போதும், பின்னல் போடக் கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோகும்போதும் சுளீரென்று இழுக்கும். கையை இறக்கியதும் அடங்கிவிடும். என் மாமியார், “வாயுப் பிடிப்பும்மா, பூண்டைப் பால்ல வேக வச்சுக் குடி” என்றார். பக்கத்து வீட்டு அக்கா, சுளுக்கு என்று தாமே முடிவுகட்டி, சுளுக்கு எடுப்பவர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். இதற்குள் நோவு பகலைவிட இரவில் மிகுந்துவிட்டது. இடக்கைப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே உடம்புக்கு நல்லது என்று சித்த மருத்துவ வழக்கைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அந்தப் பக்கம் திரும்பினாலே விண்ணென்று தெறித்து விழிப்பு வரத் தொடங்கியதும் மருத்துவமனைக்குச் சென்றேன்.

இடது தோள் என்பதால் அங்கே முதலில் எடுத்தது ஈசிஜிதான். அது முறையானதே. இதயத்தின் வலி இடது தோளிலும் கையிலும் தெரியக்கூடும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கூடி, நின்று ஓய்ந்தால் குறையும் வலியையும், நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் வலியையும் தோள்வலி என்று எண்ணித் தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானத்தால் நரம்பு அழுத்தப்பட்டு வரும் வலியும் தோளில் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கும், மரமரப்பும் கூடவே இருக்கும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாக வெளிப்படுவதும் உண்டு. காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்குவது, கீழே விழுந்தபின் கையை அசைக்கவே முடியாமல் போவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தக்கவை அல்ல. இன்ன வலி என்று உறுதியான பிறகே, கீழே நான் சொல்லும் படுக்கை ஏற்பாடுகளுக்குப் பொருள் உண்டு.

எலும்பு மருத்துவர் என் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை மட்டும் கதவைத் திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னாலும் திருப்ப முடியவில்லை, அவர் திருப்பியும் திரும்பவில்லை. தசைநாண் கிழிந்திருந்தால், நோயாளி தாமாகத் தூக்க முடியாத கையை மருத்துவர் பிடித்துத் தூக்கிவிட முடியும். உறைதோளில் யார் தூக்கினாலும் கை ஓரிடத்தோடு நின்றுவிடும். தோள்மூட்டைச் சுற்றியுள்ள மூட்டுறை அழற்சி கண்டு, தடித்துச் சுருங்கிவிடுவதே காரணம். எக்ஸ்ரேயில் எந்தக் குறையும் இல்லை. இந்நோய்க்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று 1934-இல் பெயரிட்டவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். மெல்ல மெல்லத் தொடங்குதல், மேற்கையின் வெளிப்புறத்தில் வலி, கையை உயர்த்தவும் வெளிப்புறம் திருப்பவும் இயலாமை, எக்ஸ்ரே இயல்பாக இருத்தல் என்று அவர் அன்று தொகுத்த அடையாளங்களுக்கிடையே, வலியுள்ள பக்கம் படுத்து உறங்க இயலாமை என்பதும் இருக்கிறது. தூக்கம் கெடுவது என்னுடைய மனப்பிரமையோ பொறுமைக் குறைவோ இல்லை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைக்கப்பட்ட நோய்க்குறி என்று அறிந்தபோது, வலி குறையாவிட்டாலும் மனம் சற்று ஆறியது.

இந்த நோய் பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், அதைவிட மிகுதியாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் வருகிறது. எனக்குச் சர்க்கரை முன்பே இருந்தது. தோள்வலி வந்த பிறகு பரிசோதித்துப் பார்த்துத்தான் தமக்குச் சர்க்கரை இருப்பதையே அறிந்தவர்களும் உண்டு. ஆகவே தோள் இறுகியவர்கள், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. நோய் மூன்று கட்டங்களாக நகரும்: வலி மிகும் கட்டம், இறுகும் கட்டம், இளகும் கட்டம். மொத்தத்தில் 1 முதல் 3 ஆண்டுகள் பிடிக்கும் என்று சொல்வார்கள். இவற்றுள் உறக்கத்தைக் கெடுப்பது முதற்கட்டமே. இரண்டாம் கட்டத்தில் கை மேலும் இறுகிப்போனாலும் இரவுக் குடைச்சல் தணிந்துவிடும். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்திருப்பது முக்கியம். ஏனெனில் முதற்கட்டத்தில் மூட்டுக்கு வேண்டியது தாங்கலும் மென்மையான அசைவும்தான். பிற்காலத்துக்குரிய கடும் பயிற்சிகளை அப்போதே தொடங்கினால் அன்றிரவே அதன் பலன் தெரிந்துவிடும்.

இரவில் மட்டும் ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பகலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் சிறு சிறு அசைவுகளால் மூட்டு இளகிக்கொண்டே இருக்கிறது. படுத்துவிட்டால் அசைவு நின்று விறைக்கிறது. அழற்சியை இயல்பாகவே அடக்கிவைக்கும் கார்டிசோல் சுரப்பு நள்ளிரவையொட்டி மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் அந்நேரத்தில் இல்லை. இவற்றில் நாம் மாற்றக்கூடியது அதிகம் இல்லை. மாற்றக்கூடியது, படுத்த நிலையில் மேற்கை எலும்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பதைத்தான். மல்லாந்து படுத்தால், முதுகின் தடிமனால் தோள்மூட்டு மெத்தையிலிருந்து சற்று உயர்ந்தே நிற்கிறது. முழங்கைக்கு அடியில் அந்தத் தடிமன் இல்லாததால் அது மெத்தையில் போய்ப் படிகிறது. இதனால் மேற்கை பின்பக்கமாகச் சரிந்து, ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் மூட்டுறையின் முன்பகுதியை இரவு முழுவதும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல பக்கம் ஒருக்களித்தாலோ, கை மார்பின் குறுக்கே விழுந்து உறையின் பின்பகுதியை இழுக்கிறது. ஒருவரின் கை முழுவதும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. அந்த 3 கிலோவை விடியும்வரை தாங்கப்போவது அழற்சி கண்ட மூட்டா, அல்லது ஒரு தலையணையா என்பதுதான் கேள்வி.

இதை எனக்குப் புரியவைத்தவர், என் பழைய மாணவர்களின் வயதே உள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவர். தலைக்கு எவ்வளவு உயரத்தில் தலையணை வைக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர், “அதை அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். படுத்ததும் முழங்கை எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. தோளுக்குக் கீழ போயிடக் கூடாது, நெஞ்சுக்குக் குறுக்கயும் வந்துடக் கூடாது” என்றார். எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலெல்லாம் இதற்கு இணையாகப் பயன்பட்டது வேறொன்றும் இல்லை. பின்னால் செய்துகொண்ட ஏற்பாடுகள் யாவும் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவையே.

மல்லாந்து படுப்பதற்கு இரண்டு ஈரிழைத் துண்டுகள் போதும். அவற்றை நீளவாக்கில் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கத்தில் போட்டு, அக்குளின் ஓரத்திலிருந்து முழங்கையைத் தாண்டும்வரை மேற்கை அவற்றின்மேல் கிடக்குமாறு வைத்துக்கொள்வேன். மேல்முனையின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் ஓரத்துக்கு அடியில் சற்றே நுழைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தோளுக்கும் துண்டுக்கும் இடையில் பள்ளம் விழுந்து, கை உயர்ந்தும் தோள் தாங்கலின்றியும் கிடக்கும். கை உடலோடு ஒட்டாமல் ஒரு சாண் விலகி, முழங்கை மடங்கி, உள்ளங்கை வயிற்றின்மேல் அமரும். வயிற்றின்மேலும் ஒரு சிறு தலையணையை வைத்து அதன்மேல் கையை வைத்தால் இன்னும் சுகம். உயரம் சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு: தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் உங்கள் முழங்கை கண்ணில் பட வேண்டும். மெத்தையோடு மெத்தையாக மறைந்துபோனால் உயரம் போதாது. தோள் காதை நோக்கி எழும்பினால் உயரம் மிகுதி. முழந்தாள்களுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தால் உடம்பு கீழ்நோக்கி வழுக்காது, இடுப்புக்கும் நல்லது.

துண்டுக்குப் பதிலாகத் தலையணையே வைக்க விரும்பினால், கடையில் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ரெக்ரானும் ஃபோமும் அமுக்கிய கையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், கை நழுவிவிடும். எங்கள் வீட்டுப் பரணில், பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கித் தலைக்கு ஆகாமல் போன பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று கிடந்தது. அதை வெயிலில் போட்டுத் தட்டி, பஞ்சை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி, நடுவில் முழங்கை அமரும் அளவுக்குக் கையாலேயே ஒரு குழி செய்துகொண்டேன். இலவம்பஞ்சின் குணம், அமுக்கிய இடத்தில் அப்படியே அமுங்கி நிற்பது. முழங்கை அந்தக் குழியில் இறங்கிவிட்டால், தூக்கத்தில் கை தானாக வெளியே வருவது அரிது.

இரவு முழுவதும் மல்லாந்தே கிடக்க யாராலும் முடியாது. வலப்பக்கம் திரும்பிப் படுக்கும்போது, மார்பின் தடிமனுக்கு ஈடான ஒரு தலையணையை முன்னால் வைத்து, இடது கையை முழுவதும் அதன்மேல் கிடத்த வேண்டும். பலர் தலையணையைக் கட்டிக்கொள்கிறார்களே தவிர மணிக்கட்டைத் தலையணைக்கு வெளியே தொங்க விட்டுவிடுகிறார்கள். தொங்கும் மணிக்கட்டு முன்கையையும் அதன்வழி தோளையும் உட்புறமாகத் திருகும். முழங்கையும் மணிக்கட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால், நீளத் தலையணையோ மடித்த போர்வையோ ஏற்றது. முதுகுக்குப் பின்னால் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டால், தூக்கக் கலக்கத்தில் பின்னால் புரண்டு வலிக்கும் தோளின்மேல் விழுவதைத் தடுக்கும். தலைக்கு வைக்கும் தலையணை, காதுக்கும் தோள்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் இருக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: எந்நேரமும் வலப்பக்கமே படுத்திருந்தால் அந்தத் தோளும் முறையிடத் தொடங்கும். எனவே மல்லாந்து தொடங்கி, விழிப்பு வரும்போது வலப்பக்கம் திரும்பி, மறுபடி மல்லாந்து என்று மாற்றிக்கொள்வதே எனக்கு ஒத்துவந்தது. கவிழ்ந்து படுப்பதும், கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துக்கொள்வதும் இந்நோய் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம்.

வலி உச்சத்தில் இருந்த வாரங்களில் இவை எதுவும் போதவில்லை. தட்டையாகப் படுப்பதே ஆகவில்லை. அப்போது கைகொடுத்தது மாமனார் காலத்துத் துணி ஈசிசேர். சாய்ந்த நிலையில் மேற்கை பின்னால் சரியாமல் உடலோடு இணைந்து கீழ்நோக்கி இருப்பதால் மூட்டுக்கு இழுப்புக் குறைகிறது. ஆனால் ஈசிசேரின் துணி உடலை நடுவில் தொய்ய விட்டு இரு தோள்களையும் முன்னால் நெருக்குகிறது. முழந்தாளுக்கு அடியில் கட்டை அழுத்தி விடிவதற்குள் கால் மரத்துப்போகிறது. கைப்பிடியில் மடித்த துண்டும், காலுக்கு முக்காலியும் வைத்துச் சமாளிக்கலாம். நீண்ட நாளைக்கு அது சரிவராது. பிறகு, கட்டிலின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகுப்புறத்தால் உண்டாகும் சரிவின்மேல் இரண்டு தலையணைகளைப் பரப்பிச் சாய்ந்துகொண்டேன். முதியோரைப் பராமரிக்கும் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். ஏறத்தாழ 30 முதல் 45 பாகைச் சாய்வு கிடைக்கிறது, காலை நீட்டிக்கொள்ளலாம், இடது முழங்கைக்கு அருகிலேயே துண்டை வைத்துக்கொள்ளலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அதில் கட்டில் முழுவதும் சரிகிறதே தவிர உடல் சாய்வதில்லை, விடிவதற்குள் கால்மாட்டுக்கு வழுக்கிவிடுகிறோம்.

தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். படுப்பதில் தொல்லை குறைவு, எழுவதில்தான் தொல்லை. தரையிலிருந்து எழும்போது அறியாமலே இரண்டு கைகளையும் ஊன்றுகிறோம். அந்த ஒரு நொடி அழுத்தம் போதும், மீதி இரவு போய்விடும். வலி மிகும் காலத்திலாவது கட்டிலுக்கு மாறுவது நல்லது. கட்டிலிலும் நேராக எழுந்து உட்காராமல், நல்ல பக்கம் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே நல்ல முழங்கையை ஊன்றி எழ வேண்டும். வலிக்கும் கையை நல்ல கையால் ஏந்திக்கொண்டு புரள்வதும் ஒரு பழக்கமாகிவிட வேண்டும். இதற்காக நானும் என் கணவரும் கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டோம்: என் வலது கை கட்டிலின் ஓரத்தில் இருந்தால்தான் தண்ணீரும் கைபேசியும் விளக்கின் சுவிட்சும் அந்தக் கைக்கே எட்டும். கொசுவலையைச் செருகும் வேலையும் அவருடையதாயிற்று. இன்றுவரை நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

உறக்கத்துக்கான ஏற்பாடு மாலையிலேயே தொடங்க வேண்டும். சுவரில் விரல்களால் ஏறுவது, துண்டைப் பிடித்து முதுகுப்பக்கம் இழுப்பது போன்ற நீட்டல் பயிற்சிகளைக் காலையில் வைத்துக்கொண்டு, இரவுக்கு ஊசல் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டேன். வலது கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, உடலை மெல்ல ஆட்டுவதாலேயே கை சிறு வட்டமாகச் சுழலும்படி விட வேண்டும். தோளின் பலத்தால் சுழற்றினால் பயனில்லை. இதுவும் காட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சியே. அதற்கு முன் 15 நிமிட ஒத்தடம். வெந்நீர்ப் பையானாலும், கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்ததானாலும், சர்க்கரை நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: சூடு உறைக்கும் உணர்வு குறைந்திருந்தால் தோல் வெந்துபோவது தெரியாது. வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். பையை வைத்தபடி உறங்கிவிடக் கூடாது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதை எந்நேரத்தில் எடுத்தால் இரவுக்கு உதவும் என்று மருத்துவரையே கேட்டுவிடுங்கள். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது, சர்க்கரையால் ஏற்கெனவே சோர்ந்திருக்கக்கூடிய சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்த்துவிடும். தூக்க மாத்திரையை நான் விரும்பவில்லை. வலிக்கும் தோளின்மேல் புரண்டால் எழுப்பிவிடுவதற்கு அந்த வலிதான் இருக்கிறது. மாத்திரை மயக்கத்தில் அது தெரியாமல் போனால் விடிந்தபின் படும் பாடு பெரிது.

இரவுடை சிறிய விஷயமாகத் தோன்றலாம். தலைவழியாக மாட்டும் நைட்டியைக் கழற்ற இரண்டு கைகளும் மேலே போயாக வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் மூட்டை எழுப்பிவிட அதைவிட எளிய வழி இல்லை. முன்பக்கம் முழுவதும் திறக்கும் உடையே வேண்டும். போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஆண்களுக்கும் பனியனை விடச் சட்டையே நல்லது.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெதுவெதுப்பான எண்ணெயை மென்மையாகத் தடவுவதில் தீங்கில்லை. தசை தளர்ந்து உறக்கம் வர உதவவும் கூடும். ஆனால் வலி மிகும் கட்டத்தில் கையைப் பிடித்து இழுத்துச் சொடக்கெடுப்பதும் வலிய உயர்த்துவதும் அழற்சியைக் கிளறிவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் வற்புறுத்தலுக்காக நான் ஒருமுறை அதற்கு உட்பட்டேன். அன்றிரவு ஈசிசேரிலும் இருக்க முடியவில்லை. என் இரவுகளை உண்மையில் மீட்டுத் தந்தது, எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசிதான். அது நோயைக் குணப்படுத்துவதில்லை, வலி மிகும் கட்டத்தைக் கடக்க உதவுகிறது. இறுகிய பிறகு போட்டால் அவ்வளவு பலன் இருப்பதில்லை. ஊசி போட்டபின் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை நன்றாகவே ஏறும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் குளுக்கோமீட்டரில் அன்றாடம் பார்த்து, சர்க்கரை மருத்துவரின் சொற்படி மாத்திரை அளவை மாற்றிக்கொண்டேன். சர்க்கரை இருப்பதை ஊசி போடுபவரிடம் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

வெளியூர்ப் பயணத்துக்கு இரயிலே மேல். நடுப்படுக்கைக்கும் மேற்படுக்கைக்கும் ஏற இரண்டு கையும் வேண்டும். பெண்களுக்கு 45 வயது முதல் கீழ்ப்படுக்கை ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு என்பதால், முன்பதிவின்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. வலிக்கும் தோள் நடைபாதைப் பக்கம் இல்லாதவாறு தலைவைத்துப் படுத்தால், போகிறவர் வருகிறவரின் பெட்டி இடிக்காது. தோளில் போட்டிருந்த பையையே, துணிகளை மட்டும் வைத்துத் தட்டையாக்கி, முழங்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். படுக்கை வசதிப் பேருந்தை அந்தக் காலத்தில் தவிர்த்துவிட்டேன். ஒவ்வொரு வேகத்தடையும் தோளில்தான் ஏறி இறங்கும்.

இளகும் கட்டம் தொடங்கியபின் இடப்பக்கம் படுப்பதை ஒரே நாளில் திரும்பத் தொடங்கவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் வலப்பக்கம் தலையணையை முட்டுக்கொடுத்து இடப்பக்கம் கால்பங்கு மட்டும் சாய்ந்து, எடை தோள்முனையில் விழாமல் தோள்பட்டை எலும்பின் தட்டையான பகுதியில் விழுமாறு படுத்துப் பார்த்தேன். அப்படி விடியும்வரை விழிப்பு வராமல் கிடக்க முடிந்த பிறகு பாதி, பிறகு முழுவதும் என்று முட்டுக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போதும் கீழ்த்தோளைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டுதான் இடப்பக்கம் படுக்கிறேன். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மறு தோளிலும் இந்நோய் வருவதுண்டு. குணமான தோளிலேயே மறுபடி வருவது அரிது. ஆகையால் சர்க்கரைப் பரிசோதனை நாளன்று வலது முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கைகளும் ஒரே அளவு திரும்பினால் அதோடு விட்டுவிடுவேன். வலது கை குறைவாகத் திரும்பினால், அது இரவுக் குடைச்சலாக மாறும்வரை காத்திராமல் மருத்துவரிடம் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.